பொறியில் ஏறிய தமிழ்

தமிழ் தொன்மையானது, இனிமையானது, தெய்வத்தன்மை பொருந்தியது என்று மேடைதோறும் முழங்குவதில் நம்மவர்க்கு நிகர் நம்மவரே. ஆனால் அந்தத் தமிழை ஒரு பொறிக்குள் ஏற்றி, விரலால் தொட்டவுடன் எழுத்தாக எழச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார், எத்தனை இரவு கண்விழித்துச் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். முழங்கிய வாய் அடைத்துப் போகும்.

சிங்கப்பூரின் கீழைக்கரையில் பாசிர் ரிஸ் என்றொரு குடியிருப்பு நகரம் இருக்கிறது. பாசிர் என்றால் மலாய் மொழியில் மணல். முன்பு கம்பங்களும் கடற்கரையுமாக இருந்த அவ்விடம் இன்று அடுக்குமாடி வீடுகளால் நிறைந்துள்ளது. தீவின் கீழ்கோடியான இந்நகரத்திலிருந்து மேற்கோடியான துவாஸ் வரையில் ஓடும் தொடர்வண்டியில் காலை நேரத்தில் ஏறிப் பாருங்கள். இருக்கை கிடைத்த தமிழர் சிலர் கைப்பேசியை எடுத்து, ஊரிலிருக்கும் தாய்க்கோ தங்கைக்கோ தமிழிலேயே நான்கு வரி எழுதிக்கொண்டு போவதைக் காணலாம். வண்டி இரண்டு நிலையங்கள் கடப்பதற்குள் மறுமொழியும் தமிழிலேயே வந்து சேர்கிறது. பார்ப்பவர்க்கு இது ஓர் அதிசயமாகத் தோன்றுவதில்லை. ஆனால் பாசிர் ரிஸ் நிலையம் திறக்கப்பட்டது 1989 டிசம்பரில். அன்று அவ்வண்டியில் ஏறிய தமிழர் ஒருவரின் சட்டைப்பையில் தமிழ் எழுதும் கருவி பேனாவைத் தவிர வேறொன்று இருந்திருக்க முடியாது.

இடையில் நிகழ்ந்தது என்ன என்பதே நம் கேள்வி. ஆயுதபூசை நாளில் கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்துக் கற்பூரம் காட்டுகிற அலுவலகங்கள் இன்றும் உண்டு. பொட்டு இடுவதில் காட்டுகிற அக்கறையில் நூற்றிலொரு பங்கை அப்பெட்டிக்குள் தமிழ் வந்த கதையை அறிவதில் காட்டினால், அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பகலில் ஒரு வேலையும் இரவில் இந்த வேலையுமாக உழைத்த எழுத்தர்கள், பள்ளி ஆசிரியர்கள், பொறியாளர்கள், வேதியியலார் என்பது தெரியவரும். உலகம் இத்தகையோரைப் பொழுதுபோக்காளர் என்று சொல்லும். பொழுதைப் போக்குகிறவன் என்றால் சோம்பேறி என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் அபிப்பிராயம். இவர்கள் போக்கிய பொழுதின் பயனை இன்று கோடிக்கணக்கானோர் கூலியின்றி அனுபவிக்கிறோம்.

தொல்லை எழுத்திலிருந்தே தொடங்கிற்று. ஆங்கிலத்துக்கு எழுத்து 26. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. தட்டச்சுப் பொறியிலுள்ள விசைகள் ஐம்பதுக்கும் குறைவு. விசைக்கு இரண்டு வடிவம் வீதம் வைத்தாலும் நூறைத் தொடுவது அரிது. ஆகவே தமிழைத் தட்டச்சில் ஏற்றுவது ஆகாத காரியம் என்று அந்நாளில் எண்ணப்பட்டதில் வியப்பில்லை.

ஆகும் என்று காட்டியவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளமையிலேயே மலாயாவுக்குப் பிழைப்புத் தேடி வந்து, பிறகு சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராய் 1930 வரையில் பணிபுரிந்தவர். அவர் இயந்திரக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை நாள்தோறும் தட்டிய விரல்கள், நம் மொழிக்கு இது ஏன் இல்லை என்று கேட்டன, அவ்வளவே. அவர் கண்ட வழிகளுள் சிறந்தது நகரா விசை. சாதாரணமாக ஒரு விசையைத் தட்டினால் எழுத்து பதிந்தவுடன் உருளை ஓரிடம் நகரும். புள்ளி, இகர விலங்கு முதலான குறிகளுக்குரிய விசைகளை மட்டும் நகராதபடி அமைத்துவிட்டால், குறி முதலில் பதியும். அடுத்துத் தட்டுகிற எழுத்து அதே இடத்தில் வந்து அதனோடு பொருந்திக்கொள்ளும். புள்ளி பெற்ற மெய் பதினெட்டுக்கும் பதினெட்டு விசை வேண்டியதில்லை. புள்ளிக்கு ஒன்று இருந்தால் போதும். இந்த முறையில் அமைந்த பொறிகள் ஜெர்மனியில் செய்விக்கப்பெற்று நம் நாடுகளுக்கு வந்தன. ஒரு தமிழ் எழுத்தரின் ஓய்வு நேரத்துச் சிந்தனை, கடல் கடந்து ஜெர்மானியத் தொழிற்சாலையில் உருக்காகித் திரும்பியது.

முத்தையா பொறியை எழுத்துக்கு ஏற்ப வளைத்தார். எழுத்தையே பொறிக்கு ஏற்பத் திருத்தினால் என்ன என்று கேட்டவர் பெரியார் ஈ.வெ.ரா. 1935 சனவரி முதல் அவருடைய குடிஅரசு ஏடு சீர்திருத்த எழுத்தில் வெளிவரலாயிற்று. ணா, றா, னா என்பவை அக்காலத்தில் கால் பெறாமல் சுழித்தும் வளைத்தும் எழுதப்பட்டன. அவற்றைத் தழுவிய ஒகர ஓகார வடிவங்கள் ஆறும் அவ்வாறே. ணை, லை, ளை, னை என்னும் நான்குக்கும் தலையில் யானைத் துதிக்கை போன்றதொரு வளைவு இருந்தது. மற்ற எழுத்துகளெல்லாம் ஒரு விதியின்படி நடக்க, இந்தப் பதின்மூன்று மட்டும் தனிவழி நடப்பானேன் என்பது பெரியாரின் கேள்வி. அச்சுக்கோப்பவனுக்குப் பெட்டியில் பதின்மூன்று அறை மிச்சம், குழந்தைக்கு மனப்பாடத்தில் பதின்மூன்று வடிவம் மிச்சம். இவ்வளவு எளிய கணக்கைத் தமிழன்னைக்கு அங்கபங்கம் செய்யும் கொடுமை என்று பதறியோர் இருந்தனர். அந்தப் பதற்றம் தணிய 43 ஆண்டுகள் ஆயின. 1978இல், பெரியார் நூற்றாண்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு இவ்வடிவங்களை ஏற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அதே வழியில் வந்தன.

சிங்கைத் தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றபின் இங்கே மூண்ட சீர்திருத்தக் கனல்தான் தமிழர் சீர்திருத்தச் சங்கமாகவும், 1935 சூலையில் கோ. சாரங்கபாணி வாரப் பதிப்பாகத் தொடங்கிய தமிழ் முரசாகவும் வடிவெடுத்தது. எழுத்து என்பது வணங்குவதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கு என்னும் எண்ணம் இந்த ஊரில் அன்றே விதைக்கப்பட்டுவிட்டது. அதன் விளைச்சலைக் காண அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

நிற்க. கணினி வந்தபோது பழைய தொல்லை புதிய வேடத்தில் வந்தது. கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று முதலில் வகுத்துவிட வேண்டும். ஆதியில் அவ்வாறு கிடைத்த இடங்கள் 256. அவற்றில் முற்பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போய்விட்டது. எஞ்சிய 128 இடங்களில் ஒரு மொழியைக் குடியேற்ற வேண்டும். உகர ஊகார உயிர்மெய்கள் முப்பத்தாறும் தனித்தனி வடிவம் கேட்டன. இந்த நெருக்கடியில்தான் 1935இன் பதின்மூன்று வடிவங்களின் அருமை தெரிந்தது. பழைய எழுத்தே நீடித்திருந்தால், இருந்த இடத்தில் பத்திலொரு பங்கை அவையே விழுங்கியிருக்கும். குடிஅரசின் அச்சுக்கூடத்தில் ஈயத்தை மிச்சப்படுத்தச் செய்த திருத்தம், அரை நூற்றாண்டு கழித்து, ஈயமே இல்லாத ஒரு பெட்டிக்குள் உதவிற்று. உகர ஊகாரங்களையும் இவ்வாறே சீர்ப்படுத்த வேண்டும் என்று பேராசிரியர் வா. செ. குழந்தைசாமி பின்னர் நெடுங்காலம் வாதாடினார். அது ஏற்கப்படவில்லை.

1980களில் இம்முயற்சியில் இறங்கியவர்கள் ஒருவரையொருவர் அறியாத தனியாட்கள். கனடாவில் ஸ்ரீநிவாசன் ஆதமி என்னும் மென்பொருளைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் மென்பொருளைத் தொடங்கினார். அது வளர்ந்து முரசு அஞ்சல் ஆயிற்று. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆராயும் கு. கலியாணசுந்தரம், 1990களின் முற்பகுதியில் மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மற்றும் பல ஊர்களிலும் இன்னும் எத்தனையோ பேர். இவர்களில் எவரையும் எந்த அரசும் கூப்பிட்டு இதைச் செய் என்று பணிக்கவில்லை.

சிங்கப்பூரில் இந்த ஆசை கொண்டோர்க்கு ஒரு புண்ணியத்தலம் இருந்தது என்று சொன்னால் இவ்வேட்டின் வாசகர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். அது சிம் லிம் சதுக்கம். 1980களின் பிற்பகுதியில் திறக்கப்பட்ட அந்தப் பலமாடிக் கடைத்தொகுதியில் கணினியின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே விலைக்குக் கிடைத்தது. வாங்கிச் சென்று வீட்டில் தாமே பூட்டிக்கொள்வோர் பலர். அங்கிருந்து தமிழர் கூடும் சிராங்கூன் சாலைக்குப் பத்து நிமிட நடை. ஆயினும் அந்தப் பத்து நிமிடத் தூரத்தைக் கடந்து தமிழ் சிம் லிம்முக்குள் போகவில்லை. ஆங்கிலம் பொறித்த விசைப்பலகை அடுக்கடுக்காய் இருக்கும். தமிழ் பொறித்த ஒன்றைக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். வாங்கிய பெட்டிக்குள் தமிழை ஏற்றுவது வாங்கியவர் பாடு.

ஏற்றினார்கள், ஆனால் ஆளுக்கொரு வகையாக ஏற்றினார்கள். அதில் விளைந்தது பெருங்குழப்பம். ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திவிடுவதே அக்காலத்து எளிய உத்தி. ஈழத்தமிழரிடையே மிகப் பரவிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் அம்மா என்று அடித்தால் கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். பாமினி உள்ள பெட்டியில் அது அம்மா. இல்லாத பெட்டியில் அது பொருளற்ற கிறுக்கல். இன்னொருவரின் எழுத்துருவை இட்டால் வேறொரு கிறுக்கல். ஒரே மொழி பேசுவோர், ஒரே எழுத்தை எழுதுவோர், ஒருவர் அனுப்பியதை மற்றொருவர் படிக்க முடியாத நிலை. சாதியால் பிரிந்தது போதாதென்று எழுத்துருவாலும் பிரிந்தோம்.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூர்ப் பள்ளியாசிரியர் ஒருவர் வரலாற்றில் நுழைகிறார். நா. கோவிந்தசாமி 1946இல் பிறந்தவர், சிறுகதையாசிரியர், 1994இல் தென்கிழக்காசிய எழுத்து விருது பெற்றவர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். அங்கே அவர் வேலை ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பிப்பது. கணினியில் தமிழ் அமைப்பது அவரைப் பிடித்துக்கொண்ட வேட்கை. தாம் ஆக்கிய முறைக்குக் கணியன் என்று பெயரிட்டார். கணிப்பவன் என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல் அது. நாம் இன்று வாய்க்கு வாய் வழங்குகிற இணையம் என்னும் சொல்லை ஆக்கியவரும் அவரே என்பர்.

அவருக்குத் துணை நின்றவர் தான் தின் வீ. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர், சீனர். தமிழ் அவர் தாய்மொழியன்று. பல மொழி எழுத்துகளும் இணையத்தில் இடம்பெற வேண்டும் என்னும் முயற்சியில் அப்பல்கலைக்கழகத்தில் ஈடுபட்டிருந்தார். தமிழுக்கு உழைக்கத் தமிழ் இரத்தம் வேண்டும் என்று வீரம் பேசுவோர் இதைக் கவனிப்பாராக. 1995 அக்டோபரில், சிங்கைக் கவிதைகளை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய தொகுப்பைக் குடியரசுத் தலைவர் ஓங் தெங் சியோங் தொடங்கி வைத்தார். தமிழ்ப் பகுதி கோவிந்தசாமியின் உழைப்பு. இணையத்தில் தமிழ் காலூன்றிய முதல் நாட்களின் வரலாற்றில் அந்த நாளுக்கு உரிய இடம் உண்டு.

இது மதுரையில் நடக்கவில்லை, தஞ்சையில் நடக்கவில்லை, ஏன் இங்கே நடந்தது? நம் கருத்தைச் சொல்கிறோம். தமிழர் கோடிக்கணக்காய் வாழும் நாட்டில் அரசு அலுவலுக்கும் கல்விக்கும் ஆங்கிலம் இருக்கிறது, வீட்டுக்கும் மேடைக்கும் தமிழ் இருக்கிறது. கணினியில் தமிழ் இல்லாததை இழப்பாக உணர வேண்டிய கட்டாயம் யாருக்கும் நேரவில்லை. சிங்கப்பூரில் தமிழர் சிலர். ஆனால் அந்தச் சிலரின் மொழி 1965இலிருந்து குடியரசின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. மூன்று மொழிகள் ஏறிய பலகையில் நான்காவது இடம் காலியாகக் கிடந்தால் அது நாள்தோறும் கண்ணில் உறுத்தும். இந்த உறுத்தலே இங்கே வேலை செய்தது.

கோவிந்தசாமி அடுத்துச் செய்தது கவிதைத் தொகுப்பைவிடப் பெரிய காரியம். சிதறிக் கிடந்த தனியாட்களை ஒரே அறையில் உட்கார வைத்தார். 1997 மே 17, 18 ஆகிய நாட்களில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்த முதலாவது தமிழ் இணைய மாநாடு அது. ஆளுக்கொரு எண்வரிசை வைத்திருந்தவர்கள் முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். எவருடைய வரிசை பொதுவாவது? அவரவர் பிள்ளை அவரவர்க்கு அழகு. உலகெங்கும் சிதறியிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி வகுத்த திஸ்கி என்பது ஒன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தாம், தாப் என்பவை இரண்டு. அம்மாநாட்டின் நிலையான பயன் தமிழ்99 விசைப்பலகை எனலாம். இடக்கை விரல்களுக்கு உயிர், வலக்கை விரல்களுக்கு மெய். ககரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் கி பிறக்கிறது. முப்பத்தொரு எழுத்து விசைகளிலிருந்து 247 எழுத்தும் எழுகின்றன. இலக்கணம் படித்த பிள்ளைக்கு இதைக் கற்பிக்க அரைநாள் போதும்.

அதே 1999 மே மாதத்தில் கோவிந்தசாமி மறைந்தார். வயது 53. அடுத்த ஆண்டு சூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் கூடி, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், சுருக்கமாக உத்தமம், நிறுவப்பட்டபோது அவர் இல்லை.

தாபும் திஸ்கியும் மல்லுக்கு நின்ற அந்த மேடையில், பின்வாசல் வழியாக வந்து வென்றது யூனிகோடு, அஃதாவது ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்பட்டியல் என்பது அதன் கொள்கை. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எந்தத் தமிழ்ச் சங்கமும் கேட்டுப் பெற்ற இடம் அன்று அது. இந்திய அரசின் சார்பில் 1988இல் வகுக்கப்பட்ட வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிசையோ எல்லா இந்திய எழுத்துகளையும் நாகரியின் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை. ஆகவே வடமொழி வருக்க எழுத்துகள் வந்து குடியேறுவதற்கென்று விட்ட வீடுகள் தமிழ்த் தெருவில் இன்றும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. அத்துடன் நிற்கவில்லை. க் என்னும் மெய்யோடு அ என்னும் உயிர் சேர்ந்து க பிறக்கிறது என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ க என்பதே முதற்பொருள். அதன்மேல் புள்ளி வைத்தால் க் கிடைக்கும். பிள்ளையைக் கொண்டு தாயைப் பெறுவிப்பது போன்ற ஏற்பாடு.

இக்குறை உண்மையானதே. இதைக் களைய ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்னும் முறையைச் சிலர் வகுத்தனர். தமிழ்நாட்டு அரசும் 2010இல் அதை ஒருங்குறிக்குத் துணையாக ஏற்றது. ஆயினும் உலகின் பொறிகள் அதைப் பொதுவழக்காகக் கொள்ளவில்லை. நம் தீர்ப்பைக் கேட்டால், இலக்கணப்படி வழக்கு அவர்கள் பக்கம். நாட்டு நடப்பின்படி ஒருங்குறியை ஏற்றவர்கள் செய்ததே சரி. குறையுள்ள ஒரே வரிசை, குறையற்ற பத்து வரிசைகளைவிட மேல். யாழ்ப்பாணத்தில் அடித்த க, பாசிர் ரிஸ்ஸிலும் டொராண்டோவிலும் க என்றே தோன்ற வேண்டும். அது தோன்றிய பிறகு அதன் பிறப்பு முறையைப் பற்றி வேண்டிய மட்டும் வாதாடிக்கொள்ளலாம். தம் கையால் ஆண்டுக்கணக்கில் இழைத்த எண்வரிசையைக் கைவிட்டு, அயலார் வகுத்த வரிசைக்கு மாறிய ஆர்வலர்களின் மனத்தை எண்ணிப் பாருங்கள். ஆலயத்தில் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொள்ளப் பத்து ரூபாய் தருகிற நாட்டில், தம் பெயர் மறைவதற்கு இசைந்தவர்கள் அவர்கள்.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. விண்டோஸ் 2000இல் தமிழ் ஒருங்குறி உள்ளேயே இடம்பெற்று வந்தது. எ-கலப்பை முதலான தட்டச்சுக் கருவிகளைத் தன்னார்வலர் குழுக்கள் இலவசமாகத் தந்தன. கைப்பேசியில் தமிழ் எழுதும் செல்லினத்தை முத்து நெடுமாறன் ஆக்கினார். அது 2005இல் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியாயிற்று. 2013இல் ஆப்பிள் கைப்பேசிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே அமைந்து வந்தது. அதற்கு முன்பே, 2011இல், இணைய முகவரியின் ஈற்றில் சிங்கப்பூர் என்று தமிழெழுத்திலேயே எழுதும் உரிமை இந்நாட்டுக்குக் கிடைத்துவிட்டது.

எழுத வழி பிறந்ததும், எழுதி வைத்ததைக் காக்கும் எண்ணமும் பிறந்தது. கலியாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலுள்ள தொண்டர்கள் சங்க நூல் முதல் இக்கால நூல் வரை தட்டச்சிட்டு, பிழை பார்த்து, எவரும் விலையின்றிப் பெறும்படி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் அருண் மகிழ்நன் தலைமையில் திரண்ட ஒரு தன்னார்வக் குழு, இந்நாட்டின் பொன்விழா ஆண்டாகிய 2015இல், ஐம்பதாண்டுச் சிங்கைத் தமிழ் இலக்கியத்தில் ஏறத்தாழ 350 நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்தின் வழியே மக்களுக்கு வழங்கியது. அதிலும் பிழை திருத்தியோர் அலுவலகமும் அடுப்படியும் முடித்து வந்த ஆண்களும் பெண்களுமே.

இனி, இதுவரை சொன்னதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டுப் போகலாம் என்று இருப்போர்க்கு ஒரு கணக்கு. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்றோர் நூற்றுக்கு 48.3 பேர், தமிழ் என்றோர் 2.5 பேர். பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிடத் தமிழின் பங்கு குறைந்திருக்கிறது. எந்தக் காலத்திலும் இல்லாத அளவுக்கு எழுதுகருவி எளிதாகிவிட்ட பத்தாண்டுகள் அவை. தமிழ் வராத பெட்டியில் தமிழை வரவழைக்கப் பாடுபட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள், தமிழ் வரும் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்திலேயே எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்கள்மேல் பாய்வதில் பயனில்லை. விசைப்பலகையை மாற்ற ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி ஏன் வேண்டும் என்பதை வீட்டில் எவரும் சொல்லவில்லை. பள்ளியில் தமிழ் என்பது தேர்வெழுதும் பாடமாயிற்று, கோவிலில் அருச்சனைக்கு உதவாத மொழியாயிற்று. உணவு மேசையில் பேசாததைப் பொறி மட்டும் எங்கிருந்து பேசும்?

பாசிர் ரிஸ்ஸில் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்றவர், 1990களில் சிறுகதைகள் எழுதியவர். தம் எழுத்தையெல்லாம் அந்நாளைய மூன்றரை அங்குல வட்டுகளில் சேர்த்து, பிசுக்கோத்துத் தகரப்பெட்டி ஒன்றில் பூட்டி வைத்திருந்தார். பேத்திக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று ஆசை பிறந்தது. வட்டு ஓட்டும் கருவி இக்காலத்துக் கணினிகளில் இல்லை. பழம்பொருளெல்லாம் கிடைத்த சுங்கை ரோடு சந்தை 2017 சூலையில் மூடப்பட்டுவிட்டது. எங்கெங்கோ தேடி ஒரு கருவியைப் பெற்று வட்டை இட்டால், திரையில் வந்தவை ஆங்கில எழுத்தும் வினாக்குறியும் அடைப்புக்குறியுமே. எழுதிய எழுத்துருவின் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. எழுத்துருவைக் கொடுத்தவரும் இப்போது இல்லை. இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கருவிகள் ஒன்றுக்கும் அது மசியவில்லை.

ஆனால் முதற்கதையின் தலைப்பும் தொடக்க வரியும் அவருக்கு நினைவிருந்தன. அவற்றைத் தாளில் எழுதிக் கிறுக்கலுக்கு நேரே வைத்து, இன்ன குறிக்கு இன்ன எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டோம். கல்வெட்டுப் படிப்போர் செய்வதும் இதைத்தான். ஒரு தொல்லை: பழைய எழுத்துருக்களில் கொ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று குறியாய்க் கிடக்கும். ஒருங்குறியிலோ க முன்னும் குறி பின்னுமாக நிற்கும். ஆகவே எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் புரட்ட வேண்டும். இது விளங்காமல் முதல் நாள் மாலை முழுவதும் கொம்புகள் ஓரெழுத்துத் தள்ளியே போய் விழுந்துகொண்டிருந்தன. மூன்றாம் நாள் மாலை, கதைமாந்தர் நேராக நின்று பேசத் தொடங்கினர். பேத்தி முதற்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டு சொல்லுக்குப் பொருள் கேட்டாள்.

பெட்டியில் இருந்த வட்டுகள் பதினான்கு. பதினொன்று படித்தாயிற்று. ஒன்றில் வேறொரு எழுத்துரு இருக்கிறது. அதற்குப் பட்டியல் இன்னும் முடியவில்லை. மற்ற இரண்டிலும் பூஞ்சை பிடித்திருக்கிறது, கருவி அவற்றை வெளியே தள்ளுகிறது. சிராங்கூன் சாலைப் பக்கத்து நண்பர் ஒருவர் வட்டைத் திறந்து துடைத்துப் பார்க்கத் தெரியும் என்கிறார். வரும் ஞாயிறு எடுத்துப் போகிறோம். இத்தகைய பெட்டிகள் சிங்கைத் தமிழ் வீடுகளில் இன்னும் பல இருக்கக்கூடும். வைத்திருப்போர், எழுதியவர் நினைவோடிருக்கும்போதே முதல் வரியைக் கேட்டுத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.